சின்ன பசங்களுக்கு ஸ்கவுட் வரலாறு போர் அடிக்காம சொல்லித் தர்றது எப்படி? கூடவே டைம் கேப்ஸ்யூல் (பின்னாடி ஒரு நாள் தொறந்து பார்க்க இப்பவே மூடி வைக்கற டப்பா) செஞ்சா சரியா வருமா?

எட்டுலேர்ந்து பத்து வயசுன்னு கேட்டிருக்கீங்க. அந்த வயசுப் பசங்க முன்னாடி 1907, 1908ன்னு போர்டுல எழுதிப் போட்டா அஞ்சே நிமிஷத்துல ஒருத்தன் ஸ்கார்ஃபை கடிக்க ஆரம்பிச்சிருவான். நான் கப்ஸ் (ஸ்கவுட்ஸ்ல சின்னப் பசங்க பிரிவு) பசங்களோட கொஞ்ச வருஷமா இருக்கேன், என்னைக் கேட்டா வரலாறை பின்னாடிலேர்ந்து சொல்லணும். ஸ்கவுட் இயக்கத்தை ஆரம்பிச்ச பேடன் பவல் பொறந்த கதையை விட்டுட்டு அவரோட கல்லறைலேர்ந்து ஆரம்பிங்க.

கேக்க ஒரு மாதிரி இருக்கும், ஆனா ஒர்க் அவுட் ஆகும். தரையில சாக்பீஸால ஒரு வட்டம், நடுவுல ஒரு புள்ளி, இது என்னன்னு கேளுங்க. கண்ணு, பட்டன், சக்கரம்னு ஆளாளுக்கு ஒண்ணு சொல்லுவாங்க. ட்ராக்கிங் சைன் (பின்னாடி வர்றவங்களுக்காக வழியில போட்டு வைக்கற குறி) கத்துக்கிட்டவன் எவனாவது இருந்தா "நான் வீட்டுக்குப் போயிட்டேன்"னு கரெக்டா சொல்லிருவான். 1941 ஜனவரியில கென்யாவுல நியெரிங்கற ஊர்ல அவர் இறந்தாரு, அங்க இருக்கற கல்லறைக் கல்லுல இதே வட்டமும் புள்ளியும் செதுக்கி இருக்குன்னு சொல்லிப் பாருங்க, அப்புறம் அவங்களே கேள்வி கேக்க ஆரம்பிச்சிருவாங்க.

அடுத்தது அவர் எழுதி வச்ச கடைசி கடிதம். அவர் போனதுக்கு அப்புறம் தான் அது அவரோட பேப்பர்கள்ல கிடைச்சது. எடுத்ததுமே பீட்டர் பேன் நாடகத்துல வர்ற கடற்கொள்ளைக்காரத் தலைவனைப் பத்தி தான் பேசுவாரு, சாகற நேரத்துல பேச டைம் கிடைக்காம போயிருமோன்னு பயந்து அவன் முன்கூட்டியே கடைசிப் பேச்சு பேசிக்கிட்டே இருப்பான்னு. பசங்க சிரிக்கும். உலகத்தை நீங்க வந்தப்ப இருந்ததை விட கொஞ்சம் நல்லா ஆக்கிட்டுப் போங்கன்னு பின்னாடி சொல்றதும் அந்த சிரிப்போடயே உள்ள போயிரும். தான் இல்லாத நாள்ல படிக்கறவங்களுக்கு ஒருத்தர் எழுதி வச்ச கடிதம், அப்ப அதுவே ஒரு டைம் கேப்ஸ்யூல் தானே? நம்ம கேப்ஸ்யூலை இங்கேர்ந்து ஆரம்பிச்சிரலாம்.

இங்கிலாந்துல முதல் ஸ்கவுட் கேம்ப் நடந்த பிரவுன்சீ தீவை விளையாட்டா வைங்க. 1907 ஆகஸ்ட்ல சுமார் இருபது பசங்க, பெரிய இடத்துப் பிள்ளைங்களும் சாதாரண வீட்டுப் பிள்ளைங்களும் கலந்து, நாலு பேட்ரோல், அதாவது நாலு சின்னக் குழு. ஓநாய்க்கு நீலம், காளைக்கு பச்சை, அண்டங்காக்காவுக்கு சிவப்பு, கர்லியூன்னு நீள மூக்குப் பறவை ஒண்ணு, அதுக்கு மஞ்சள். தோள்ல கலர் நூல் கட்டி விட்டு அந்தந்த சத்தம் போட விடுங்க, உங்க காது போகும், ஆனா பேட்ரோல் சிஸ்டம்னா என்னன்னு நீங்க தனியா பாடம் எடுக்க வேண்டாம். 1909ல லண்டன் கிரிஸ்டல் பேலஸ்ல பையன்களுக்குன்னு நடந்த ஸ்கவுட் ரேலிக்கு பொண்ணுங்க தாங்களாவே வந்து நின்னதையும் மறக்காம சொல்லுங்க. தென்னாப்பிரிக்கப் போர்ல பேடன் பவல் பேர் வாங்கின மாஃபெகிங் முற்றுகையை மட்டும் வெறும் ஹீரோ கதையாக்கிராதீங்க, அங்க இருந்த கருப்பின மக்கள் பட்டினி கிடந்து செத்தாங்க, பெரிய பசங்ககிட்ட அதையும் சொல்லியே ஆகணும்.

இப்ப கேப்ஸ்யூல். மண்ணுல புதைக்காதீங்க ப்ளீஸ். அமெரிக்காவுல டல்சாங்கற ஊர்ல 1957ல ஒரு புத்தம்புது ப்ளிமத் காரையே கான்கிரீட் குழிக்குள்ள வச்சு மூடினாங்க, 2007ல பெட்ரோல் கிடைக்குமோ கிடைக்காதோன்னு கொஞ்சம் பெட்ரோலையும் சேர்த்து வச்சாங்க, அம்பது வருஷம் கழிச்சு தொறந்தா உள்ள தண்ணி பூந்து கார் துருப்பிடிச்சுக் கெடக்கு. ரெண்டு போட்டோவையும் பசங்ககிட்ட காட்டினா போதும், பீரோல வைக்கலாம்னு அவங்களே சொல்லிருவாங்க.

எவர்சில்வர் டப்பா இல்லன்னா மூடி டைட்டான கண்ணாடி ஜாடி, உள்ள சிலிக்கா ஜெல் பாக்கெட் ரெண்டு. பேட்டரி, ரப்பர் பேண்ட், ஸ்டேப்ளர் பின், சாப்பிடற ஐட்டம் எதுவும் வேண்டாம், எவனாவது ஒருத்தன் சாக்லேட்டை உள்ள தள்ளப் பார்ப்பான், மூடறதுக்கு முன்னாடி செக் பண்ணிருங்க. பென் டிரைவை நம்பாதீங்க, போட்டோவை பிரிண்ட் போடுங்க. நியூஸ்பேப்பர் சீக்கிரம் மஞ்சளாகி பக்கத்துல இருக்கறதையும் கெடுக்கும், அதனால நல்ல பேப்பர்ல ஜெராக்ஸ். கடிதம் பென்சில்லயே இருக்கட்டும், ஸ்கெட்ச் பேனா வெளுத்துரும்.

கடிதத்துல என்ன எழுதணும்னு நீங்க சொல்லிக் குடுத்தீங்கன்னா எல்லாம் ஒரே கட்டுரையாத் தான் வரும். எங்க பசங்கள்ல ஒருத்தன் "உங்க காலத்துலயும் மழை பெஞ்சா கேம்ப் கேன்சல் ஆகுமா"ன்னு மட்டும் எழுதிட்டு மடிச்சுக் குடுத்துட்டான், இதை விட என்ன வேணும்? ஸ்கவுட்ஸ் இடது கையால தானே கை குலுக்குவாங்க, அதனால ஒவ்வொருத்தரும் இடது கையை பேப்பர்ல வச்சு அவுட்லைன் வரைஞ்சு போடட்டும், தொறக்கறப்ப அது மேல கையை வச்சுப் பார்க்கலாம்.

1938ல நியூயார்க்ல அஞ்சாயிரம் வருஷக் கணக்குக்கு ஒண்ணு புதைச்சிருக்காங்க, நமக்கு அது வேண்டாம். கப்ஸ்லேர்ந்து ஸ்கவுட்ஸுக்கு மாறி ரெண்டு மூணு வருஷத்துல தொறக்கற மாதிரி வைங்க. டப்பா எங்க இருக்குன்னு ட்ரூப் லாக் புக்ல ஒரு வரி, ஒரு பேரண்ட்கிட்ட ஒரு சீட்டு, ஏன்னா நீங்க மாறிப் போயிட்டா யாருக்கும் தெரியாது. தொறக்கற தேதி பிப்ரவரி 22ன்னு போட்டுருங்க, பேடன் பவல் பிறந்தநாள், எப்படியும் அன்னிக்கு எல்லாரும் கூடுவாங்க.