சைக்கிள் கேள்வி பதில்: மக்கர் பண்ணும் லிவர்

கேள்வி: போன மாதம் வேளச்சேரியில் ஒருவரிடம் எட்டு வருடப் பழைய ரோடு பைக் (வளைந்த ஹேண்டில் வைத்த ரேஸ் சைக்கிள்) ஒன்றை 22,000 ரூபாய்க்கு வாங்கினேன். கடைசி இரண்டு வருடம் பால்கனியில் சும்மா நின்றிருக்கிறது. இதில் பிரேக்குக்கும் கியருக்கும் ஒரே லிவர்தான். வலது பக்கம், பின்சக்கரத்தின் பெரிய பல்லுக்குக் கியர் மாற்ற லிவரை உள்ளே தள்ளினால் 'கடக்' என்று பிடிக்காமல் வெறுமனே போய்விட்டுத் திரும்பி வருகிறது. இடது பிரேக்கோ கல் மாதிரி இருக்கிறது. விட்டாலும் தானாகத் திரும்புவதில்லை, விரலால் தள்ளிவிட வேண்டும். கடையில் காட்டினேன், லிவர் போச்சு, ஜோடியாக மாற்ற 18,000 ஆகும் என்கிறார்கள். மாற்றத்தான் வேண்டுமா? - திருவான்மியூர் வாசகர்

பதில்: பணத்தை வெளியே எடுக்காதீர்கள். உங்கள் வண்டிக்கு இருப்பது ஒரு வியாதி இல்லை, இரண்டு. கடைக்காரர் இரண்டுக்கும் ஒரே சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டார்.

முதலில் பிரேக். கியர் மாறாவிட்டால் முழங்கால் வலிக்கும், அவ்வளவுதான். பிரேக் ஒழுங்காக இல்லாமல் பழைய மகாபலிபுரம் சாலையில் இறங்குவது வேறு கதை. லிவர், ஒயர், சக்கரத்தைப் பிடிக்கும் பிரேக் கை, இந்த மூன்றில் எது மாட்டிக்கொள்கிறது என்று தெரிய மூன்றையும் தனித்தனியாகச் சோதித்துப் பார்ப்பது ஒன்றே வழி. பிரேக் கையில் ஒயரைக் கவ்வியிருக்கும் போல்ட்டைத் தளர்த்துங்கள், பெரும்பாலும் 5 மி.மீ. அல்லன் கீ (அறுகோணச் சாவி). இப்போது லிவரை அழுத்திப் பாருங்கள், லேசாகப் போய்வந்தால் லிவர்மேல் பழி இல்லை. அடுத்து இரண்டு பிரேக் கட்டைகளையும் விரலால் சேர்த்து அமுக்கி விடுங்கள், சட்டென்று விரிந்தால் அதுவும் சரி. சோம்பேறித்தனமாக விரிந்தால் அச்சில் துரு. ரிம்மிலும் கட்டையிலும் படாமல் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு அசைத்துக்கொண்டே இருந்தால் இளகிவிடும். கடைசியாக, ஒயரின் முனையைப் பிடித்துக்கொண்டு ஒரு கையால் லிவரை அழுத்தி, மறு கையால் ஒயரை இழுத்து, அதை மூடியிருக்கும் குழாயான அவுட்டருக்குள் போகவர ஓட்டிப் பாருங்கள். மணலை அரைக்கிற மாதிரி நறநறவென்று வந்தால் ஆள் கிடைத்துவிட்டார். நான் பார்த்த வண்டிகளில் பெரும்பாலும் இங்கேதான் மாட்டும்.

திருவான்மியூர் என்றால் கேட்கவே வேண்டாம், கடற்காற்றின் உப்பு ஒரு பக்கம், வியர்வை இன்னொரு பக்கம். ஹேண்டிலில் சுற்றியிருக்கும் டேப்புக்கு அடியில்தான் அவுட்டர் ஓடுகிறது, மே மாதம் ஓட்டும்போது மணிக்கட்டிலிருந்து வழிவதெல்லாம் அந்தத் துணிக்குள்தான் இறங்கும். டேப்பைப் பிரித்தால் உள்ளே வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும், அவுட்டரின் வாயில் காவி நிறத்தில் துரு வடிந்திருக்கும். எண்ணெய் விட்டுச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். இன்னர் (உள்ளே ஓடும் ஒயர்), அவுட்டர் இரண்டையும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது போடுங்கள், கூடவே டேப்பும்.

வாங்கும்போது இரண்டு விஷயம். சாதாரணக் கடையில் பிரேக் ஒயர் கேட்டால் தலை உருளையாக இருப்பதைக் கொடுப்பார்கள், அது எம்டிபி, அதாவது மலைச் சைக்கிள் வகை, உங்கள் லிவரில் உட்காராது. ரோடு பைக்குக்குப் பேரிக்காய் மாதிரித் தலை வேண்டும். இரண்டாவது அவுட்டர். பிரேக் அவுட்டர் 5 மி.மீ., உள்ளே கம்பி சுருள் சுருளாகச் சுற்றியிருக்கும். கியர் அவுட்டர் பெரும்பாலும் 4 மி.மீ., அதில் கம்பிகள் நீளவாக்கில் நேராகப் போகும். பிரேக் அவுட்டரைக் கியருக்குப் போட்டால் கியர் கொழகொழவென்று மாறும், அதோடு போயிற்று. கியர் அவுட்டரைப் பிரேக்குக்குப் போட்டுவிட்டு அவசரத்தில் ஓங்கிப் பிடித்தால் அது பிளந்துகொள்ளலாம், அந்த நேரம் பிரேக்கே இருக்காது. 'எல்லாம் ஒண்ணுதான் சார்' என்று சொல்லும் கடையிலிருந்து மரியாதையாக எழுந்து வந்துவிடுங்கள்.

புது அவுட்டரை அளவுக்கு வெட்டியதும் அதன் வாய் நசுங்கியிருக்கும். அரத்தால் சமமாகத் தேய்த்து, உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் குழாயைக் கோணி ஊசியால் குத்தித் திறந்துவிடுங்கள். இதைச் செய்யாமல் விட்டுத்தான் பலர் புது ஒயர் போட்டும் டைட்டாக இருக்கிறது என்று எழுதுகிறார்கள்.

இனி கியர். லிவர் வெறுமனே போய்வருகிறது என்கிறீர்களே, அது நல்ல செய்தி. உள்ளே ஒரு சின்னப் பல்சக்கரமும், அதைக் கவ்வ ஸ்பிரிங் வைத்த ஒரு நாக்கும் இருக்கின்றன. கம்பெனியில் வைத்த கிரீஸ் வருடக்கணக்கில் ஓடாமல் நின்று காய்ந்த பலாப்பால் மாதிரி ஆகிவிட்டது, நாக்கு அதில் ஒட்டிக்கொண்டு கீழே இறங்கவில்லை. ரிம்மில் எதுவும் தெறிக்காமல் இருக்கச் சக்கரங்களைக் கழற்றி ஓரமாக வையுங்கள். லிவரின் மேலுள்ள ரப்பர் மூடியைப் பின்னுக்கு உருட்டி, பிரேக் லிவரை அழுத்திப் பிடித்தால் உள் இயந்திரம் தெரியும். ஸ்ட்ரா மாட்டிய டபிள்யூடி-40 ஸ்பிரே கொண்டு உள்ளே நன்றாக அடித்து, கீழே பழைய துணி விரித்து, லிவரைத் தட்டிக்கொண்டே இருங்கள். ஐம்பது தடவை, நூறு தடவை. முதலில் ஒன்றும் நடக்காது, அப்புறம் பழுப்பாக ஒரு குழம்பு வடியும், திடீரென்று ஒரு 'கடக்' கேட்கும், அடுத்த இரண்டு தட்டு மறுபடி ஏமாற்றும். ராத்திரி முழுக்க விட்டுவிட்டுக் காலையில் இன்னொரு சுற்று. எல்லாத் தட்டும் பிடிக்க ஆரம்பித்ததும் தையல் மிஷின் எண்ணெய் நாலு சொட்டு விடுங்கள், ஏனென்றால் டபிள்யூடி-40 பழைய கிரீஸைக் கரைக்கத்தான், அது நின்று உழைக்காது. ஸ்குருவைக் கழற்றி உள்ளே என்னதான் இருக்கிறது என்று பார்க்கும் ஆசை மட்டும் வேண்டாம், ஸ்பிரிங் தெறித்து சோபாவுக்கு அடியில் போனால் அப்போது நிஜமாகவே 18,000.

ரப்பரை உருட்டியபோதே கியர் ஒயரின் தலைப் பக்கம் டார்ச் அடித்துப் பாருங்கள். ஓரிரு இழை அறுந்து முடி மாதிரி நீட்டிக்கொண்டிருந்தால் அதற்கு மேல் தட்டாதீர்கள், துண்டு உள்ளே போய்ச் சிக்கும். நான் ஒரு டிசம்பரில் 'கொஞ்சம் டைட்டா இருக்கே, பரவாயில்லை' என்று கிளம்பி, முட்டுக்காடு பாலம் தாண்டியதும் ஒயர் அறுந்தது. செயின் மிகச் சின்னப் பல்லில் போய் உட்கார்ந்துகொள்ள, வாடைக்காற்றை எதிர்த்து அந்த ஒரே கியரில் அடையாறு வரை மிதித்தேன். மறுநாள் மாடிப்படி இறங்கியது தனிக்கதை.

கேள்வி: என் வண்டி புதிது, ஒயரும் புதிது. ஹேண்டிலின் மேலே ரப்பரில் கை வைத்துப் பிடித்தால் பிரேக் கடினமாக இருக்கிறது, கீழே வளைவில் பிடித்தால் சுலபம். என் விரல்கள் சின்னவை. - அண்ணா நகர் வாசகி

பதில்: வண்டியில் கோளாறு இல்லை. மேலிருந்து பிடிக்கும்போது விரல் லிவரின் அச்சுக்குப் பக்கத்தில் விழுகிறது. கதவைக் கீல் பக்கம் தள்ளிப் பாருங்கள், அதே சங்கதிதான். பல லிவர்களில் ரப்பருக்கு அடியிலோ லிவரின் முன்பக்கத்திலோ ஒரு குட்டி ஸ்குரு இருக்கும். அதைத் திருகினால் லிவர் கைக்குக் கிட்டே வரும். வந்த பிறகு, முழுக்க அழுத்தினால் லிவர் ஹேண்டிலில் போய் இடிக்கிறதா என்று பார்த்து ஒயரை இழுத்துக் கட்டுங்கள். மலை இறக்கம், மேம்பால இறக்கம் எல்லாம் கீழே பிடித்தே இறங்குங்கள்.

கேள்வி: ஒயருக்குத் தேங்காய் எண்ணெய் விடலாமா? அப்பா விடச் சொல்கிறார். - பெரம்பூர் வாசகர்

பதில்: அப்பாவிடம் தலைக்குத் தேய்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிடுங்கள். முதல் வாரம் வழுக்கும், அப்புறம் ரோட்டுப் புழுதியோடு சேர்ந்து பிசினாகிவிடும். மேல்பூச்சு பூசிய ஒயர் என்றால் எந்த எண்ணெயும் வேண்டாம். வாட்டர் சர்வீஸுக்கும் விடாதீர்கள், அந்தப் பீச்சலில் லிவருக்குள் தண்ணீர் புகுந்துவிடும். ஒரு பக்கெட் தண்ணீரும் பழைய பனியனும் போதும்.