ஓடினாரா, நடந்தாரா? பாதத்தைப் பாருங்கள்

கேள்வி: பெங்களூரு அல்சூரில் ஐம்பது வயது தாண்டிய 12 பேர், ஞாயிறு காலையில் டர்ஃப் (வலை சூழ்ந்த செயற்கைப் புல் மைதானம்) வாடகைக்கு எடுத்து, ஓடாமல் நடந்தே ஆடும் நடைக் கால்பந்து ஆடுகிறோம். நடுவர் கிடையாது. 'நீ ஓடினாய்', 'இல்லை, வேகமாக நடந்தேன்' என்று வாராவாரம் தகராறு. எதை ஓட்டம் என்பது?

பதில்: வேகம் இதில் கணக்கே இல்லை. எந்நேரமும் ஒரு பாதமாவது தரையில் பட்டிருக்க வேண்டும். இரண்டும் ஒரு கணம் அந்தரத்தில் இருந்தால், எவ்வளவு மெதுவாகப் போனாலும் அது ஓட்டம்தான். தடகள நடைப் போட்டியில் முன்காலின் முழங்கால் மடங்கக் கூடாது என்றும் ஒரு நிபந்தனை உண்டு. இங்கே அது கிடையாது. அதை வைத்து யாரும் வாதாட வேண்டாம்.

ஐந்துக்கு ஐந்து ஆடுங்கள். மீதி இருவரில் ஒருவர் பக்கக்கோட்டருகே நின்று தீர்ப்புச் சொல்லட்டும். 5 நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறுங்கள். நிற்பவர் பந்தைப் பார்க்கவே கூடாது. பந்துக்கு மிக அருகே உள்ள இருவரின் பாதங்களை மட்டும் கவனிக்க வேண்டும். பக்கவாட்டில் நின்றால்தான் பாதத்துக்கும் தரைக்கும் நடுவே உள்ள இடைவெளி தெரியும். கோல் போஸ்ட்டுக்குப் பின்னால் நின்று சொல்லும் தீர்ப்பு வெறும் ஊகம். தலையும் காட்டிக்கொடுக்கும்: ஓடுபவரின் தலை மேலும் கீழும் குதிக்கும்.

பெரும்பாலும் யாரும் வேண்டுமென்று ஓடுவதில்லை. பந்தை எட்டும் கடைசி இரண்டு அடியிலும், பந்தைப் பறிகொடுத்த மறுகணமும் பழைய ஆட்டப் பழக்கம் காலை இழுத்துவிடும். இதில் பாஸ் கொடுப்பவருக்கும் பங்கு உண்டு. ஆளில்லாத இடத்துக்குப் பந்தைத் தள்ளினால் கூட்டாளியை நீங்களே ஓட வைக்கிறீர்கள். காலுக்குக் கொடுங்கள். ஒருவர் மூன்று தொடலுக்கு மேல் பந்தை வைத்திருக்கக் கூடாது என்று சில குழுக்கள் ஆடுவதுண்டு. உங்களுக்கு அது நிச்சயம் உதவும். பந்தைக் கட்டிக்கொண்டு போகிறவரைத் துரத்தத்தானே ஓட்டம் பிறக்கிறது?

ஓடினால், ஓடிய இடத்தில் எதிரணிக்கு இன்டைரக்ட் ஃப்ரீ கிக் (நேராகக் கோல் அடிக்க முடியாத உதை). மற்றவர்கள் 3 மீட்டர் விலக வேண்டும். ஒரே ஆள் மூன்றாம் முறை மாட்டினால் 2 நிமிடம் வெளியே உட்காரட்டும்.

2011-ல் இங்கிலாந்தின் செஸ்டர்ஃபீல்டில் வயதானவர்களுக்காகத் தொடங்கிய ஆட்டம் இது. பின்னாலிருந்து பந்தைப் பறிப்பது, சறுக்கிப் பறிப்பது, தோளால் இடிப்பது, பந்தைத் தலையால் முட்டுவது எல்லாம் ஃபவுல். டர்ஃபில் இன்னொரு ஆபத்து: வலையோடு ஒருவரை நெருக்கிப் பந்தைப் பிடுங்குவது. அதையும் ஃபவுலாக வையுங்கள். பந்து எந்த உயரம் தாண்டினால் ஃபவுல் என்பதை, தலை மட்டமா குறுக்குக் கம்பியா என்று, ஆட்டத்துக்கு முன்பே பேசிவிடுங்கள்.

களத்தில் இருப்பவர் தன் ஓட்டத்தைக் கைதூக்கி ஒப்புக்கொள்ளலாம். எதிராளி ஓடினார் என்று சொல்லும் உரிமை வெளியே நிற்பவருக்கு மட்டும்.