வகுப்பில் நம் பிள்ளைகள் எத்தனை பேர்?

கேள்வி: சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் இருக்கிறோம், டீச்சர். என் மகள் ஐந்தாம் படிவ எஸ்.பி.எம். தேர்வில் 7 ஏ எடுத்தாள். பல்கலைக்கழகத்துக்கு முந்திய படிப்புக்குக் கோப்பெங் மெட்ரிகுலேஷன் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. “அங்கே எல்லாம் மலாய்க்காரப் பிள்ளைகள்தான், பேசாமல் பள்ளியிலேயே படிவம் ஆறுக்கு அனுப்பு” என்கிறார் என் அண்ணன். அவளுக்கும் பயம். என்ன செய்வது?
– ஒரு தாய், சுங்கை சிப்புட், மலேசியா

பதில்: அனுப்புங்கள் அம்மா.

அண்ணன் சொன்னதில் பொய் இல்லை. மெட்ரிகுலேஷனில் 90 விழுக்காடு இடம் பூமிபுத்திரா மாணவர்களுக்கு, அதாவது மலாய்க்காரருக்கும் பூர்வகுடிகளுக்கும். மிச்சம் 10 விழுக்காட்டைச் சீனர், இந்தியர், மற்றவர் எல்லாரும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். 10 ஏ எடுத்தால் எந்த இனமானாலும் இடம் உண்டு என்று 2024-இல் அரசு அறிவித்தது. நல்ல காரியம். ஆனால், 7 ஏ, 8 ஏ எடுத்த தோட்டத்துப் பிள்ளைக்கு இன்னமும் அந்தச் சின்ன வாசல்தான். முப்பது வருடம் பாடம் சொல்லிக் கொடுத்தவள் நான். எத்தனை பிள்ளைகள் அந்த வாசலில் நின்று திரும்பியதைப் பார்த்திருக்கிறேன். மனசு ஆறவில்லை. உங்கள் மகள் உள்ளே நுழைந்துவிட்டாள். அதை விடலாமா?

என் மகனும் கோப்பெங்கில்தான் படித்தான். இந்திய மாணவர்களுக்கு 1,500 இடம் என்று 2012-இல் அறிவித்தார்களே, அந்தச் சமயம். அப்படியும் அவன் வகுப்பில் நம் பிள்ளைகள் மூன்றே பேர். முதல் இரண்டு வாரம் தினமும் போன் செய்து அழுதான். சாப்பாடு வேறு பிரச்சினை. மாட்டிறைச்சி சமைக்கும் நாளில் வெறும் சோற்றைப் பிசைந்து தின்றிருக்கிறான். கேண்டீன் மக்சிக் (மலாய் அம்மா) அதைக் கவனித்துவிட்டு, அப்புறம் அந்த நாட்களிலெல்லாம் இவனுக்கென்று முட்டை சம்பல் ஒரு கிண்ணத்தில் மூடி வைத்திருப்பாராம். அறைத்தோழன் கிளந்தான் மாநிலத்துப் பையன். அவன் பேசும் வட்டார மலாய் முதலில் இவனுக்குப் பாதி புரியவில்லை. வருடக் கடைசியில் எங்கள் வீட்டுக்கு வந்து, வாசலில் அதே கிளந்தான் மலாயில் இருவரும் கத்திக்கொண்டிருந்தார்கள்.

படிவம் ஆறு மட்டமில்லை. அதில் எழுதும் எஸ்.டி.பி.எம். தேர்வு வழியாகவும் அரசாங்கப் பல்கலைக்கழகம் போகலாம். ஆனால் அது மூன்று பருவம், ஒன்றரை வருடம். மெட்ரிகுலேஷன் பெரும்பாலும் இரண்டு பருவம், ஒரே வருடத்தில் முடிந்துவிடும். வேகமாக ஓடும், பிள்ளை முதல் நாளிலிருந்தே படிக்க வேண்டும். அதை மட்டும் மகளிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

கடிதத்தில் போட்டிருக்கும் தேதிக்குள் சம்மதம் தெரிவித்துவிடுங்கள். போகும்போது ஒரு டப்பா புளிக்காய்ச்சல் கிளறிக் கொடுங்கள், இரண்டு வாரம் தாங்கும். கோப்பெங் ஒன்றும் தூரமில்லை, ஈப்போ தாண்டினால் வந்துவிடும். முதல் மாதம் அண்ணனையே கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.