5 புள்ளி கையில் இருக்கிறது: இன்னும் சேர்க்கலாமா, செலவழிக்கலாமா?

டாலஸிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: "வயது 41. கிரீன் கார்டு இருக்கிறது. டெக்சாஸில் மான் வேட்டைக்குப் போய்ப் பழக்கம். வயோமிங் எல்க் வேட்டைக்கு 5 பிரிபரன்ஸ் பாயின்ட் சேர்த்து வைத்திருக்கிறேன், வேறு மாநிலம் எதிலும் இல்லை. மேற்கு மாநிலங்கள் எட்டிலும் விண்ணப்பித்து 15 வருடத் திட்டம் போட்டுத் தருவதாக ஒரு ஏஜென்சி சொல்கிறது. எச்-1பி விசாவில் இருக்கும் நண்பரும் கூட வர ஆசைப்படுகிறார். நான் ரொம்பத் தாமதமாக ஆரம்பித்துவிட்டேனா?"

புதியவர்களுக்கு முதலில் ஒரு வார்த்தை: எல்க் என்பது பெரிய மான் வகை. மாநிலம் பிரித்து வைத்திருக்கும் வேட்டைப் பகுதி யூனிட், அங்கே வேட்டையாட மாநிலம் தரும் அனுமதிச் சீட்டு டேக். டேக் குறைவு, கேட்பவர் அதிகம்; வரிசையில் முன்னால் போக வருடா வருடம் சேர்க்கும் புள்ளிதான் பிரிபரன்ஸ் பாயின்ட். இனி கேள்விக்கு வருவோம். பெயர்பெற்ற யூனிட்டுகளைப் பொறுத்தவரை, ஆமாம், தாமதம்தான். எல்க் வேட்டைக்கே தாமதமா என்றால், இல்லவே இல்லை. இருக்கிற 5 புள்ளியை அடுத்த ஓரிரு வருடத்தில் செலவழித்துவிடுங்கள்.

ஏன் என்று ஒரு சின்னக் கணக்கில் பார்ப்போம். ஏதோ ஒரு யூனிட்டில் வெளிமாநிலத்தாருக்கு வருடத்துக்கு 10 டேக் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்களைவிட அதிகப் புள்ளியோடு 400 பேர் முன்னால் நிற்கிறார்கள். புதிதாக ஒருவரும் சேராவிட்டாலும் அந்த வரிசை கரைய 40 வருடம் ஆகும். அப்போது உங்களுக்கு 81 வயது. வெட்டிய எல்க் கறியைப் பல நடையாகத் தோளில் சுமந்து மலையிலிருந்து இறக்க வேண்டிய வேலை இது. நிஜத்தில் நிலைமை இன்னும் மோசம். வருடத்துக்கு ஒரு புள்ளி நீங்கள் ஏறினால், தேவைப்படும் புள்ளியும் கூடவே ஏறுகிறது. பாயின்ட் கிரீப் என்று வேட்டைக்காரர்கள் புலம்புவது இதைத்தான். புள்ளியைச் சேமிப்பு என்று நினைக்கிறவர்கள்தான் இதில் ஏமாறுகிறார்கள். வயோமிங் புள்ளிக்கு வட்டி கிடையாது, அதை விற்கவோ பிள்ளைக்கு எழுதி வைக்கவோ முடியாது. இரண்டு வருடம் தொடர்ந்து விண்ணப்பிக்காமலும் புள்ளி வாங்காமலும் விட்டால், இருப்பதும் போய்விடும்.

வயோமிங்கில் வெளிமாநிலத்தாரின் எல்க் டேக்கில் 75 சதவீதம் புள்ளி அதிகமுள்ளவர்களுக்கு, 25 சதவீதம் புள்ளி பார்க்காத குலுக்கலுக்கு. இதற்குள் ரெகுலர், ஸ்பெஷல் என்று இரண்டு கட்டணப் பிரிவு உண்டு. 60 சதவீத டேக் ரெகுலரில், 40 சதவீதம் ஸ்பெஷலில். ஸ்பெஷலுக்குக் கட்டணம் இரண்டு மடங்குக்கும் மேல் என்பதால் அங்கே கூட்டம் குறைவு. பணம் இருக்கிறவனுக்குக் குறுக்கு வழி திறந்து வைத்திருக்கும் இந்த ஏற்பாடு எனக்குப் பிடிக்காது. ஆனாலும் சட்டம் அதுதான். நீங்கள் குறிவைக்க வேண்டியது ஜெனரல் எல்க் டேக். ஒரே யூனிட்டில் அடைபடாமல் பல யூனிட்டுகளில் வேட்டையாட விடுகிற டேக் அது. வயோமிங் வனவிலங்கு, மீன்வளத் துறை வெளியிடும் சென்ற வருடக் குலுக்கல் முடிவு (டிரா) அட்டவணையில் 5 புள்ளிக்காரர்களில் எத்தனை பேருக்குக் கிடைத்தது என்று இரண்டு பிரிவிலும் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

இங்கே ஒரு விதியை விரிவாகவே சொல்லியாக வேண்டும். அதைக் கவனிக்காமல் டேக்கை வீணடித்தவர்கள் நிறைய. வயோமிங்கில் மத்திய அரசு வில்டர்னஸ் என்று அறிவித்த காட்டுக்குள் வெளிமாநிலத்தார் தனியாகப் பெருவிலங்கு வேட்டை ஆடக்கூடாது. லைசென்ஸ் பெற்ற கைடு கூட இருக்க வேண்டும். அதே காட்டில் நீங்கள் தனியாக நடக்கலாம், கூடாரம் போடலாம், மீன் பிடிக்கலாம். எல்க்கைச் சுடத்தான் முடியாது. டீட்டன், வாஷகீ, நார்த் அப்சரோகா, பிரிட்ஜர் என்று நீங்கள் படத்தில் பார்த்து ஆசைப்பட்ட இடமெல்லாம் வில்டர்னஸ்தான். வில்டர்னஸ் அல்லாத சாதாரண நேஷனல் ஃபாரஸ்ட், பிஎல்எம் (மத்திய அரசின் நில மேலாண்மை அமைப்பு) நிலம் இரண்டிலும் இந்தத் தடை கிடையாது. அதனால் யூனிட்டைத் தேர்ந்தெடுக்கும் முன் வரைபடத்தில் வில்டர்னஸ் எல்லைக் கோட்டைப் போட்டுப் பாருங்கள். யூனிட்டில் முக்கால் பங்கு அந்தக் கோட்டுக்குள் இருந்தால் உங்களுக்கு மிஞ்சுவது கால் பங்குதான், அங்கேதான் மற்ற வெளிமாநிலத்தாரும் வந்து நிற்பார்கள். சரி, இதற்கு ஒரு விலக்கும் உண்டு. வயோமிங் வாசி ஒருவர் வனவிலங்கு, மீன்வளத் துறையிடம் இலவச கைடு லைசென்ஸ் வாங்கி உங்களைக் கூட்டிக்கொண்டு போகலாம். வருடத்துக்கு இரண்டு பேர்தான், காசு வாங்கக்கூடாது. ஷையனிலோ லாரமியிலோ பழக்கமானவர் யாராவது இருக்கிறாரா என்று யோசித்துப் பாருங்கள். இந்த விலக்கை எந்த அவுட்ஃபிட்டரும் (காசுக்கு வேட்டைப் பயணம் நடத்தித் தருபவர்) தானாக வந்து உங்களிடம் சொல்ல மாட்டார்.

நண்பர் விஷயம். ஒரே குழுவாக விண்ணப்பித்தால் வயோமிங் புள்ளிகளைக் கூட்டிச் சராசரி எடுக்கும். உங்கள் 5, அவருடைய 0, ஆளுக்கு 2.5. ஐந்து வருடச் சேமிப்பில் பாதி ஒரே சொடுக்கில் போகும். டேக்குக்குத் தனியாக விண்ணப்பியுங்கள். அவர் வேண்டுமானால் துப்பாக்கி இல்லாமல் துணைக்கு வரட்டும், கறி சுமக்க ஆள் கிடைப்பது பெரிய விஷயம். அப்புறம், எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருப்பது மத்திய சட்டப்படி குற்றம். அமெரிக்க மாநிலம் ஏதாவது ஒன்றின் செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் கையில் இருந்தால் அதற்கு விலக்கு உண்டு. லைசென்ஸ் இல்லாத நேரத்தில் அவர் கையில் உங்கள் துப்பாக்கியைக் கொடுத்தால் உங்களுக்கும் சிக்கல். பயிற்சிக்குப் போகும் முன்பே ஒரு குடியேற்ற வழக்கறிஞரிடம் கேட்டுவிடச் சொல்லுங்கள்.

மற்ற மாநிலங்களில் இரண்டு போதும். நியூ மெக்சிகோவிலும் ஐடஹோவிலும் புள்ளி முறையே இல்லை, வெறும் குலுக்கல். முப்பது வருடமாக விண்ணப்பிக்கிறவருக்கும் இன்று தொடங்கும் உங்களுக்கும் ஒரே வாய்ப்பு. அரிசோனா 20 சதவீத டேக்கை அதிகப் புள்ளிக்காரர்களுக்குத் தனியாக ஒதுக்குகிறது. நெவாடா புள்ளியை அதே எண்ணால் பெருக்குகிறது, 10 புள்ளி உள்ளவருக்கு நூறு சீட்டுக்கு மேல் விழும். இரண்டிலும் விண்ணப்பிக்கவே வருடா வருடம் வேட்டை லைசென்ஸ் வாங்க வேண்டும். எனக்கு விட்டால் இப்போதைக்கு இரண்டையும் தொட மாட்டேன்.

ஏஜென்சி பற்றி வெளிப்படையாகவே எழுதுகிறேன். 15 வருடத் திட்டத்தில் 15 வருடமும் அவர்களுக்குக் கட்டணம் வரும், உங்களுக்கு டேக் வருமா என்பதற்கு யாரும் பொறுப்பில்லை. மாநிலக் கணக்கின் பாஸ்வேர்டையும் சோஷியல் செக்யூரிட்டி எண்ணையும் கேட்பார்கள். கொடுக்காதீர்கள். விண்ணப்பம் தவறினாலும் யூனிட் எண் மாறிப் போனாலும் புள்ளி இழப்பது நீங்கள்தான். "கட்டாயம் டேக் கிடைக்கும்" என்று விற்கப்படும் நியூ மெக்சிகோ நில உரிமையாளர் அனுமதியில் இன்னொரு பொறி இருக்கிறது. அதில் யூனிட் முழுக்கச் செல்லும் வகையும் உண்டு, அந்த ஒரு பண்ணைக்குள் மட்டும் செல்லும் வகையும் உண்டு. எல்க் பக்கத்துப் பண்ணையில் நின்றால், இரண்டாவது வகையை வாங்கியவர் வேலிக்கு இப்பால் நின்று பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். எந்த வகை என்று எழுத்தில் வாங்காமல் ஒரு டாலர்கூடக் கொடுக்காதீர்கள்.

இந்த இடைத்தரகர்களை வளர்த்துவிட்டதே இந்த அமைப்புதான். நாட்டு மக்கள் எல்லோருக்கும் சொந்தமான மத்திய அரசு நிலத்தில் மேயும் எல்க்குக்கு, நியூ மெக்சிகோ 84 சதவீத டேக்கை உள்ளூராருக்குக் கொடுக்கிறது. 10 சதவீதம் அவுட்ஃபிட்டரோடு ஒப்பந்தம் போட்டவர்களுக்கு. தானே கூடாரம் தூக்கி வரும் வெளியூர்க்காரருக்கு மிஞ்சுவது 6 சதவீதம். வெளிமாநிலத்தாரிடம் அதிகக் கட்டணம் வாங்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 1978-இல் மொண்டானா வழக்கில் சொல்லிவிட்டது. 2005-இல் நாடாளுமன்றமும் வேட்டை, மீன்பிடி விஷயத்தில் வெளிமாநிலத்தாரைத் தனியாக நடத்தும் உரிமையை மாநிலங்களுக்குச் சட்டமாகவே எழுதிக் கொடுத்தது. மாநிலத்துக்கு மாநிலம் ஒரு படிவம், ஒரு கெடு, ஒரு கணக்கு. இது மாறும் என்று காத்திருந்தால் முழங்கால்தான் முதலில் மாறும்.

வயோமிங் எல்க் விண்ணப்பம் ஜனவரி தொடக்கத்தில் திறக்கும், வெளிமாநிலத்தாருக்குப் பிப்ரவரி தொடக்கத்தில் மூடிவிடும். டேக் கட்டணம் முழுவதையும் அப்போதே கட்ட வேண்டும். கிடைக்காவிட்டால் திரும்ப வந்துவிடும், சிறிய விண்ணப்பக் கட்டணம் மட்டும் வராது. அதற்குள் நண்பர் டெக்சாஸிலேயே ஹன்டர் எஜுகேஷன் வகுப்பை முடித்துவிடட்டும், அந்தச் சான்றிதழை வயோமிங்கும் ஏற்றுக்கொள்ளும்.