மூன்றாவது வரியிலிருந்து

கேள்வி: என் மகனுக்கு எட்டு வயது. தமிழ்க் கதைப் புத்தகம் எதைக் கொடுத்தாலும் இரண்டு வரி படித்துவிட்டு மூடிவிடுகிறான். கைபேசியைப் பிடுங்கி வைத்தும் பார்த்தேன், அழுகைதான் மிச்சம். என்ன செய்யலாம்?
- ஒரு வாசகி

பதில்: அவனிடம் குறை எதுவும் இல்லை, சகோதரி. வீட்டில் அவன் கேட்பது 'வந்துட்டான்', 'சொல்றேன்', 'போகல'. புத்தகத்தில் இருப்பதோ 'வந்துவிட்டான்', 'சொல்கிறேன்', 'போகவில்லை'. நமக்கு இரண்டும் ஒன்றுதான். எழுத்துக் கூட்டிப் படிக்கிற பிள்ளைக்கு, கூட்டி முடித்த பிறகும் காதுக்குப் பழகிய சொல் கிடைப்பதில்லை. அந்தத் தமிழ் முதலில் காதில் விழ வேண்டும்.

அதனால் நீங்கள் வாசித்துக் காட்டுங்கள். எழுத்துதான் தெரியுமே என்று விட்டுவிடாதீர்கள். என் மகளுக்குப் பதினோரு வயது வரை தினமும் பத்து நிமிடம் வாசித்தேன். பக்கத்தில் படுத்துக்கொண்டு, வரிக்குக் கீழே விரலை நகர்த்திக்கொண்டே. ஓர் இரவு இருமல் தாங்கவில்லை. கதையில் படகு ஆடத் தொடங்கிய இடத்தில் நிறுத்தி விளக்கை அணைத்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் போர்வைக்குள் டார்ச் வெளிச்சம். 'கவிழ்ந்தது' என்ற சொல்லை மூன்று முறை கூட்டிப் பார்த்தாள். 'கவிந்தது' என்றுகூட ஒரு முறை வந்தது. வாய் வரை வந்த திருத்தத்தை விழுங்கிக்கொண்டு தூங்குவதுபோல் கிடந்தேன். சொல்லியிருந்தால் டார்ச் அணைந்திருக்கும். அன்றிலிருந்து வேண்டுமென்றே நல்ல இடமாகப் பார்த்து நிறுத்துவேன்.

புத்தகத்தை அவனே எடுக்கட்டும். நூலகவியலுக்கு எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931-ல் எழுதிய ஐந்து விதிகளில் ஒன்று, 'ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம்'. உங்கள் மகனுக்கான புத்தகம் டைனோசர் பற்றியதாக இருக்கலாம், படக்கதையாக இருக்கலாம். படக்கதையும் வாசிப்புதான், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஒரு பக்கத்தைப் படிக்கச் சொல்லி, தெரியாத சொல்லுக்கு ஒரு விரல் மடக்கச் சொல்லுங்கள். ஐந்தும் மடங்கிவிட்டால் அது இப்போதைக்குக் கடினம். அதை நீங்கள் வாசித்துக் காட்ட எடுத்து வையுங்கள்.

கைபேசிக்கு நேரம் வைப்பது சரி. ஆனால் அதைப் பிடுங்கிய கையாலேயே புத்தகத்தை நீட்டாதீர்கள், புத்தகமும் தண்டனையாகிவிடும். அப்புறம், முடித்ததும் 'என்ன புரிந்தது, சொல்லு' என்று கேட்க வேண்டாம். அவனாக வந்து சொன்னால், செய்கிற வேலையை நிறுத்திவிட்டுக் கேளுங்கள்.

இன்றிரவே தொடங்கலாம். அவன் மூடி வைத்த அதே புத்தகத்தில், மூன்றாவது வரியிலிருந்து.