வெள்ளை பெல்ட்: வெளுப்பதும் வாங்குவதும்

கே: மகன் பள்ளி பேண்டு குழுவில் இருக்கிறான். வெள்ளைத் தோல் பெல்ட் ஒரே வருடத்தில் பழுப்பேறிவிட்டது. ஆகஸ்ட் 15 அணிவகுப்புக்குள் வெளுக்க முடியுமா? (ஒரு தாய், திருச்சி)

ப: அழுக்கு என்றால் முடியும். பக்கிளைக் கழற்றிவிடுங்கள். அரை லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி பேபி ஷாம்பு கலந்து, பருத்தித் துணியை நனைத்து, சொட்டாத அளவுக்குப் பிழிந்து துடையுங்கள். தையல் ஓரத்துக்கும் துளைகளுக்கும் மெத்தென்ற பல் துலக்கும் பிரஷ் போதும். பிறகு வெறும் தண்ணீரில் பிழிந்த துணியால் இரண்டு முறை துடைத்துவிடுங்கள். சோப்பு தங்கினால் அடுத்த வாரமே அழுக்கு ஒட்டும். ஓர் இரவு நிழலில் காயட்டும். வெயிலிலோ ஹேர் டிரையரிலோ காயவைத்தால் தோல் விறைத்து, துளைப் பக்கம் வெடிக்கும். உரசிய கறுப்புக் கோடுகளை வெள்ளை அழிரப்பரால் மெதுவாகத் தேய்த்து எடுக்கலாம்.

இதற்குப் பிறகும் மஞ்சள் தெரிந்தால் அது அழுக்கு அல்ல. தோலின் மேலுள்ள வெள்ளைப் பூச்சே வெயிலாலும் வியர்வையாலும் நிறம் மாறியிருக்கிறது. எவ்வளவு தேய்த்தாலும் வெளுக்காது. மேலே பூசத்தான் வேண்டும். தோலுக்கென விற்கும் அக்ரிலிக் வெள்ளைப் பெயிண்டை வாங்குங்கள். சர்ஜிக்கல் ஸ்பிரிட் தொட்ட துணியால் பழைய மெழுகைத் துடைத்துவிட்டு, மெல்லிய பூச்சாக மூன்று முறை பூசுங்கள். ஒவ்வொன்றும் நன்றாகக் காய்ந்த பிறகே அடுத்தது. ஒரே தடவையில் தடிமனாக அப்பினால் பெல்ட் வளையும் இடத்தில் விரிசல் விடும். கடைசி வாரத்துக்குத் தள்ளிப்போடாதீர்கள்.

கே: ப்ளீச்சிங் பவுடரில் ஊறவைத்து, சொட்டு நீலம் போட்டால்? (வாசகர், சேலம்)

ப: பெல்ட் பாழாகும். இரண்டும் துணிக்கு. ப்ளீச் தோலின் நாரையே அரிக்கும்.

கே: கான்வாஸ் ஷூவுக்குப் பூசும் வெள்ளை லிக்விடைப் பூசினேன். துளை ஓரத்தில் உரிகிறது, பேன்ட்டில் வெள்ளை ஒட்டுகிறது. (கல்லூரி மாணவர், மதுரை)

ப: கான்வாஸில் நூலிழை அதைப் பிடித்துக்கொள்ளும். வழவழப்பான தோலில் பிடிப்பு இல்லாமல் மேலேயே நிற்கும். வளைந்தால் உதிரும், மழை பட்டால் வழியும். வெதுவெதுப்பான தண்ணீரில் பிழிந்த துணியால் பழையதை முழுக்க எடுத்துவிடுங்கள். அவசரத்துக்கு அதுதான் வேண்டுமென்றால் ஒரே ஒரு மெல்லிய பூச்சு. பழைய பூச்சின் மேல் மறுபடி மறுபடி பூசியதுதான் இவ்வளவுக்கும் காரணம்.

கே: ஆன்லைனில் வாங்கிய பெல்ட் தோல் இல்லை. விவரத்தில் ‘பியூ’ (PU, அதாவது செயற்கைத் தோல்) என்று இருந்ததை அப்புறம்தான் பார்த்தேன். (வாசகர், கோவை)

ப: எழுதியதை எழுதியபடியே அனுப்பியிருக்கிறார்கள். பணம் கட்டும் முன் படித்திருக்க வேண்டும்.

கே: ‘ஒரிஜினல் லெதர்’ என்று சொல்லி எங்கள் பிள்ளைகளுக்குப் பெல்ட் விற்றார்கள். இரண்டே வாரத்தில் மேல்தோல் உரிந்து உள்ளே துணி தெரிகிறது. பில்லில் ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று அச்சடித்திருக்கிறதாம், அதனால் முடியாதாம். (பெற்றோர் சிலர், விழுப்புரம்)

ப: தவறு உங்கள் மீது இல்லை. உள்ளே துணி இருந்தால் அது ரெக்சின். தோல் என்று நம்பி நான் வாங்கிய கைப்பையும் இப்படித்தான் உரிந்தது. அந்த ஒரு வரியை அச்சடித்துவிட்டால் சட்டமே தங்களைத் தொடாது என்று கடைக்காரர்கள் நினைப்பதை இனியும் பொறுக்கக் கூடாது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளைத் திரும்ப எடுத்துக்கொண்டு, பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் சொல்லவில்லை என்றால் 30 நாளுக்குள், பணத்தைத் தர மறுப்பது நியாயமற்ற வணிக நடைமுறை. பில் தர மறுப்பதும் அப்படித்தான். ரெக்சினைத் தோல் என்று விற்பது வேறு ஒரு குற்றச்சாட்டு. உரிந்த இடத்தைப் பில்லோடு சேர்த்துப் படம் எடுங்கள். கடைக்கு எழுத்தில் கேளுங்கள். அசையவில்லை என்றால் 1915 உதவி எண்ணில் புகார் பதியுங்கள். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம்: இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும், பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. ஆணையத்தின் அனுமதியோடு எல்லோரும் சேர்ந்து ஒரே புகாராகவும் தரலாம். விட்டுவிடாதீர்கள்.

அடுத்த முறை வெட்டிய ஓரத்தையும் பின்பக்கத்தையும் பாருங்கள். தோலில் நார் பின்னிப் பிணைந்து கிடக்கும். ரெக்சினில் நெய்த துணி தெரியும். பில்லில் ‘லெதர்’ என்று எழுதச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் வாங்க வேண்டாம்.

கே: பித்தளை பக்கிளைச் சுற்றிப் பச்சைக் கறை. (வாசகி, வேலூர்)

ப: பக்கிளைக் கழற்றாமல் பிராஸோ (பித்தளை பாலிஷ்) போட்டிருப்பீர்கள். பித்தளைக் களிம்பு தோலில் இறங்கிவிட்டது. ஷாம்பு துணியால் போகாவிட்டால் அந்த இடத்தில் பெயிண்ட்தான். துலக்கிய பக்கிளை உலர்ந்த துணியால் நன்றாகத் துடைத்த பிறகே மாட்டுங்கள்.

கே: அடுத்த விழா வரை எப்படி வைப்பது? (வாசகர், நாகர்கோவில்)

ப: மடிக்காமல் சுருட்டி, வெள்ளைப் பருத்தித் துணியில். செய்தித்தாள் வேண்டாம், மை ஒட்டும். பிளாஸ்டிக் கவரில் ஈரம் அடைந்து பூஞ்சை வரும்.