கடலோர வீட்டுக்குக் கொய்யாவா, சப்போட்டாவா?

தொண்டிப் பக்கம் வீடு, மணல் தரை, போர்த் தண்ணீர் லேசாகக் கரிக்கிறது, ஒரு மரத்துக்குத்தான் இடம் என்கிறீர்கள். சப்போட்டாவையே வையுங்கள். ஒட்டுக் கன்று 3 வருஷம் கழித்துத்தான் காய்க்கும். கொய்யாப் பதியன் இரண்டாம் வருஷமே காய்த்துவிடும். ஆனால் தண்ணீரைப் பார்க்காமல் அவசரத்தை மட்டும் பார்த்தால் கொய்யா ஏமாற்றிவிடும்.

காரணம் வேரில் இருக்கிறது. சப்போட்டாவைப் பாலைக் கன்றில் ஒட்டுக் கட்டுகிறார்கள். கடலோர வறண்ட காடுகளில் தானாக நிற்கும் அதே பாலை மரம்தான், பாலைப்பழம் தருவது. உவரும் வறட்சியும் அதற்குப் புதிதல்ல. கொய்யாவும் ஓரளவு உவர் தாங்கும். ஆனால் கடலிலிருந்து வரும் உப்புக் காற்றும் உவர்த் தண்ணீரும் சேர்ந்தால் முதலில் இலை ஓரம் கருகும், பிறகு பிஞ்சு கொட்டும். தண்ணீரை மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்துப் பாருங்கள். உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்தும் திறன் மீட்டருக்கு 3 டெசிசீமன்ஸுக்கு மேல் வந்தால் கொய்யா யோசனையை விட்டுவிடலாம்.

சப்போட்டாவில் பி.கே.எம். 1 ரகம் போதும். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி தந்தது, அதிகம் உயராது. அப்படியும் சுவரிலிருந்து 12 அடியாவது தள்ளி நடுங்கள்.

குழி நீளம், அகலம், ஆழம் மூன்றும் 3 அடி. வெறும் மணலைத் திரும்பக் கொட்டினால் தண்ணீர் நிற்காமல் ஓடிவிடும். மூன்று பங்கு மேல்மண்ணுக்கு ஒரு பங்கு கண்மாய்க் கரம்பை (வண்டல் மண்), 20 கிலோ மக்கிய ஆட்டுப்புழுக்கை, ஒரு கிலோ வேப்பம்புண்ணாக்கு கலந்து நிரப்புங்கள். ஐப்பசியில் ஒன்றிரண்டு மழை பெய்து, குழி அமுங்கி, உப்பும் கீழே இறங்கிய பிறகு நடவு. ஒட்டுப் பகுதி தரைக்கு மேலே அரை அடி இருக்கட்டும்.

இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஒட்டுக்குக் கீழே வரும் துளிரைக் கிள்ளாமல் விட்டால் பாலை மேலெழுந்து சப்போட்டா செத்துப்போகும். மரம் செழிப்பாக வளர்கிறதே என்று வருஷக்கணக்கில் காத்திருப்போம். இலை நுனியைப் பாருங்கள். கூராக முடிந்தால் சப்போட்டா, நுனியில் சின்னப் பள்ளம் விழுந்திருந்தால் பாலை.

தினம் ஒரு குடம் ஊற்றுவதும் தப்பு. தண்ணீர் ஆவியாகி உப்பு மேல்மண்ணிலேயே தங்கும். முதல் வருஷம் வாரம் இரண்டு தடவை 20 லிட்டர் வீதம், இலையில் படாமல், ஆழமாக இறங்கும்படி விடுங்கள். தூரைச் சுற்றிப் பனை ஓலையோ தென்னை மட்டையோ பரப்புங்கள். சாம்பல் சத்துக்கு மூரியேட் பொட்டாஷ் உரம் வேண்டாம், அதில் உப்பிலுள்ள அதே குளோரைடு இருக்கிறது. சல்பேட் பொட்டாஷ் வாங்குங்கள். கடல் காற்று அடிக்கும் பக்கம் இரண்டு வருஷத்துக்கு ஓலைத் தட்டி கட்டாயம்.

நல்ல தண்ணீர் இருந்து, இடமும் குறுகல் என்றால் கொய்யா சரி. லக்னோ 49 ரகம் வையுங்கள். புதுத் துளிரில்தான் காய்க்கும் என்பதால் செப்டம்பர்-அக்டோபரிலும் பிப்ரவரி-மார்ச்சிலும் கிளை நுனியை 10–15 செ.மீ. வெட்டிக் கவாத்து செய்ய வேண்டும். காய் எலுமிச்சை அளவு வந்ததும் உறை போடாவிட்டால் பழ ஈ புழு வைக்கும். விழுந்த பழத்தை மண்ணில் ஆழமாகப் புதையுங்கள்.

சப்போட்டாவில் இந்த வேலையெல்லாம் குறைவு. மரத்திலேயே பழுக்க விட்டால் வௌவாலுக்குத்தான். தோலை நகத்தால் சுரண்டும்போது பச்சை தெரியாமல், பாலும் தண்ணீராக வந்தால் பறித்து வைக்கோலில் போட்டுவிடுங்கள்.